ஐயா சொன்ன கதையும் கமரா சொன்ன கதையும்

எங்கள் வீட்டில் அம்மம்மாவின் இளவயதுப் படம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. சதுரமான கறுப்பு வெள்ளைப் படம், சுற்றிவர வெள்ளைக் கரை. கரையை விட்டுவிட்டு உள்ளே அளந்தால் ஒரு பக்கம் ஐந்தரைச் சென்ரிமீற்றருக்குக் கொஞ்சம் கூட வரும். 1995 ஒக்ரோபர் கடைசியில் வலிகாமத்தை விட்டு எல்லாரும் வெளிக்கிட்ட இரவு, அது அம்மம்மாவின் காசுப்பைக்குள் அடையாள அட்டையோடு சேர்ந்து கிடந்தபடியால் தப்பியது. அல்பம் வீட்டோடு போய்விட்டது.

ஏதோ ஒரு பெரிய படத்திலிருந்து யாரோ வெட்டி எடுத்த துண்டு என்றுதான் கன காலமாக நினைத்திருந்தேன். இரண்டாம் வருடத்தில் குடும்பப் படங்களைப் பற்றி ஒரு ஒப்படை எழுதப் போனபோதுதான் விசயம் பிடிபட்டது. அந்த அளவு ஒரு நெகற்றிவ்வின் அளவு. கொடக் நிறுவனம் 1901இல் தன்னுடைய இரண்டாம் இலக்க பிரௌனி என்ற பெட்டிக் கமராவுக்காக 120 என்ற பெயரில் ஒரு பிலிம் றோலை விட்டது. ஆறு சென்ரிமீற்றர் அகலமான பிலிம், அதன் முதுகில் இலக்கம் அச்சடித்த தாள். அந்த 120ஐ இன்றைக்கும் செய்கிறார்கள். சதுரமாக எடுத்தால் ஒரு றோலுக்குப் பன்னிரண்டு படம், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 56 மில்லிமீற்றருக்கு 56. பிறகு எல்லாரும் பாவித்த 35 மில்லிமீற்றர் பிலிமின் ஒரு படத்தைவிடப் பரப்பளவில் மூன்றரை மடங்குக்கு மேல். இவ்வளவு பெரிய நெகற்றிவ் என்றால் பெருப்பிக்காமலே படம் போடலாம். தாளுக்கு மேல் நெகற்றிவ், அதற்கு மேல் ஒரு கண்ணாடி, பிறகு அளவாக வெளிச்சம். பெருப்பிக்கிற மெசினும் வேண்டாம், கறன்டும் வேண்டாம். அம்மம்மாவின் படம் அப்படிப் போட்ட படம்.

அம்மம்மாவுக்கு இப்ப எண்பத்திரண்டு வயது. அதே சதுரத்தில் இன்னொரு படம் எடுத்து வைக்க வேணும் என்று எனக்கு ஒரு பிடிவாதம். ரியூசன் குடுத்துச் சேர்த்த ஒன்றரை வருடக் காசு கையில் இருந்தது. வடமராட்சியில் முந்தி ஸ்ரூடியோ வைத்திருந்த ஒரு ஐயாவிடம் இரண்டு பழைய கமரா கிடக்கு, விற்கப் போகிறாராம் என்று தோழி சொன்னாள். ஒரு சனிக்கிழமை பின்னேரம் ரோர்ச் லைற், உருப்பெருக்கிக் கண்ணாடி, ரேசிங் பேப்பர், பழுதான ஒரு பிலிம் றோல் எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு போனோம்.

முதலாம் வருடத்தில் மூலாதாரங்களைப் பற்றிப் படிக்கும்போது புறவிமர்சனம், அகவிமர்சனம் என்று இரண்டு சொல்லித் தருவார்கள். ஆவணம் தான் சொல்லிக்கொள்கிற ஆவணம்தானா என்று பார்ப்பது முதலாவது. அது சொல்கிற விசயத்தை எவ்வளவு நம்பலாம் என்பது இரண்டாவது. பரீட்சைக்குப் பாடமாக்கி எழுதிவிட்டு மறந்துபோன சங்கதி. ஐயா பிஸ்கற் பேணியைத் திறந்து, மேசையில் துவாய் விரித்து இரண்டு கமராவையும் வைத்தபோதுதான் அது திரும்ப ஞாபகம் வந்தது.

இரண்டுமே இரட்டை லென்ஸ் கமராக்கள். மேல் லென்ஸ் எங்கள் கண்ணுக்கு, கீழ் லென்ஸ் பிலிமுக்கு. மேல் லென்ஸால் வருகிற வெளிச்சம் உள்ளே சரிவாக வைத்த ஒரு கண்ணாடியில் பட்டு, மேலே உள்ள மங்கல் கண்ணாடியில் விழும். தலையைக் குனிந்துதான் பார்க்க வேணும். இடம் வலமாகவும் வலம் இடமாகவும் தெரியும். எடுபடுகிற ஆளின் முகத்துக்கு நேரே எதையும் நீட்டாமல், கும்பிடுகிற மாதிரித் தலை குனிந்து எடுக்கிற கமரா.

ஒன்று ஜேர்மன் றொலைஃபிளெக்ஸ். ஐயாவுக்கு அதில்தான் பெருமை. "இது பிள்ளை, யுத்தத்துக்கு முந்தின சாமான். முப்பத்தெட்டாம் ஆண்டு. ஒரு வெள்ளைக்காரத் துரையிட்டை எங்கட அப்பா வாங்கினது." எங்கள் பக்கத்தில் யுத்தத்துக்கு முந்தியது என்றால் எந்த யுத்தம் என்று கேட்க வேண்டியிருக்கும். ஐயா சொன்னது இரண்டாம் உலகப் போரை. அந்த வயதுக்கு ஏற்ற மாதிரி விலையும் சொன்னார். என்னுடைய சேமிப்பை விட இருபதாயிரம் கூட.

பவுல் ஃபிராங்கே, றைன்ஹோல்ட் ஹைடெக்கே என்ற இரண்டு பேர் 1920இல் பிறவுன்ஷ்வைக் நகரத்தில் தொடங்கிய நிறுவனம் அது. முதலில் அவர்கள் செய்தது மூன்று லென்ஸ் கமரா. ஆழம் தெரிகிற இரட்டைப் படம் எடுக்க இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு லென்ஸ், பார்ப்பதற்கு நடுவில் ஒன்று. அதில் ஒரு ஓர லென்ஸைக் கழித்துவிட்டு மிச்சத்தை நிமிர்த்தி வைத்தால் என்ன வரும்? 1929இல் வந்த றொலைஃபிளெக்ஸ் அதுதான். அந்த முதல் மாதிரிக்கு 117 என்று வேறு ஒரு பிலிம் போட வேணும், அது இப்ப சந்தையில் இல்லை. ஆகவே யாராவது உங்களிடம் "உலகத்தின் முதல் றொலைஃபிளெக்ஸ்" என்று கொண்டுவந்தால் அலுமாரியில் வைக்க வாங்கலாம், படம் எடுக்க வாங்க வேண்டாம். 1932இல் 120 பிலிமும் பக்கத்தில் சுழற்றுகிற கைபிடியும் வந்தன. 1937இல் வந்த ஒட்டோமாற் மாதிரி, பிலிம் எங்கே தொடங்குகிறது என்பதைத் தாளுக்கும் பிலிமுக்கும் உள்ள தடிப்பு வித்தியாசத்தை வைத்துத் தானே கண்டுபிடித்தது. இரண்டு உருளைக்கு நடுவால் தாள் போகும்போது பேசாமல் இருக்கும், பிலிம் ஒட்டிய இடம் வந்து தடித்தவுடன் எண்ணத் தொடங்கும். கொம்பியூட்டர் இல்லாத காலத்து மூளை. எனக்கு அதை நினைக்க இப்பவும் ஆச்சரியம்தான்.

ஐயாவின் கமராவும் ஒட்டோமாற்தான். ஆகவே 1938 என்பது நடக்கக்கூடிய கதை. ஆனால் கீழ் லென்ஸைச் சுற்றியுள்ள வளையத்தில் பொடி எழுத்தில் இருந்ததை உருப்பெருக்கியால் வாசித்தபோது கதை மாறியது. "சைஸ்-ஒப்டன், ரெஸார்" என்று இருந்தது, பக்கத்தில் சிவப்பில் ஒரு "ரி".

ரெஸார் என்பது லென்ஸின் அமைப்பு. நான்கு கண்ணாடிகள் கொண்டது, சைஸ் நிறுவனத்தில் பவுல் றூடொல்ஃப் 1902இல் உருவாக்கியது. அது வயதைச் சொல்லாது. சிவப்பு "ரி" என்பது கண்ணாடிக்குப் பூசிய மெல்லிய பூச்சின் அடையாளம். அந்தப் பூச்சை சைஸில் அலெக்சாண்டர் ஸ்மகூலா 1935இல் கண்டுபிடித்திருந்தாலும், பொதுமக்களின் கமராக்களுக்கு வழமையாக வந்தது போருக்குப் பிறகு. "ஒப்டன்" என்ற சொல்தான் சாட்சி. சைஸின் பழைய தொழிற்சாலை ஜேனா நகரத்தில் இருந்தது. 1945இல் அந்த நகரம் சோவியத் பக்கம் போக முதல், அமெரிக்க இராணுவம் அங்கிருந்த முக்கியமான ஆட்களை மேற்கே கொண்டுபோனது. அவர்கள் ஒபர்கொஹன் என்ற சின்ன ஊரில் 1946இல் புதிதாகத் தொடங்கிய நிறுவனத்தின் பெயர்தான் ஒப்டன். அந்தப் பெயர் உள்ள லென்ஸ் 1938இல் இருக்கவே முடியாது. பெயர்த்தகட்டைப் பார்த்தால் காப்புரிமைக்கான எழுத்துகளும் "டிபிபி" என்று இருந்தன. போருக்கு முந்திய றொலைஃபிளெக்ஸில் அது "டிஆர்பி" என்றிருக்கும். நடு எழுத்து ஆர் என்றால் றைஹ், ஹிற்லர் காலத்திலும் அதற்கு முந்தியும் இருந்த ஜேர்மனி. பி என்றால் புண்ட், 1949இல் உருவான மேற்கு ஜேர்மனி. ஒரு நாடு இரண்டாகப் பிரிந்தது நகத்தளவு எழுத்தில் பதிந்து கிடக்கிறது.

சொல்லுறதா விடுறதா என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். பிறகு மெதுவாகச் சொன்னேன். ஐயா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வளையத்தைத் தானும் வாசித்தார்.

"அப்ப அப்பா எனக்குப் பொய் சொல்லியிருக்கிறார்."

"துரை அப்பாவுக்குச் சொல்லியிருப்பார், ஐயா."

அவர் சிரித்தார். எனக்குத்தான் அந்தரமாக இருந்தது. உண்மையில் பிந்திய கமராதான் பாவிக்க நல்லது, பூச்சுப் பூசிய லென்ஸ், ஆகவே எதிர்வெளிச்சத்துக்கு நின்று பிடிக்கும். அதையும் சொன்னேன். ஆனால் அறுபது எழுபது வருடமாக ஒரு குடும்பம் சொல்லி வந்த கதையை, போன நேரத்தில் வந்த ஒரு பிள்ளை உருப்பெருக்கியால் உடைத்தது போலத்தான் ஆகிவிட்டது. ஒப்படையில் "வாய்மொழி வரலாற்றின் வரையறைகள்" என்று எழுதுவது சுகம்.

அடுத்து ரோர்ச். பழைய கமரா வாங்குபவர்கள் வேறு எதைச் செய்யாவிட்டாலும் இதைச் செய்ய வேணும். பின்மூடியைத் திற. வேகத்தை "பி"யில் வை, அதாவது பொத்தானை அமத்தும்வரை ஷற்றர் திறந்திருக்கும் நிலை. துவாரத்தை முழுக்கத் திற. பின்பக்கத்தால் லென்ஸுக்குள் ரோர்ச்சைச் சரிவாக அடித்துக்கொண்டு முன்பக்கத்தால் பார். நேரே பார்க்கும்போது பளிங்கு மாதிரி இருந்த ஐயாவின் ரெஸாருக்குள், சரிவு வெளிச்சத்தில் சிலந்தி வலை மாதிரிக் கிளை விட்டு வெள்ளை நூல்கள் தெரிந்தன. பூஞ்சணம்.

மாரி மழையில் தோல் செருப்புக்கும் சாறிப் பெட்டிக்கும் வருகிற அதே சாமான்தான். ஈரமும் சூடும் இருட்டும் சேர்ந்தால் கண்ணாடியிலும் வளரும். இதைப் படைகள் பெரிய பிரச்சினையாக எடுத்தது இரண்டாம் உலகப் போரில், நியூகினிப் பக்கத்துக் காடுகளில். சிப்பாய்களின் தொலைநோக்கிகளும் குறிபார்க்கும் கருவிகளும் உள்ளே பூஞ்சணம் பிடித்துக் குருடாகின. அவுஸ்திரேலிய விஞ்ஞானிகள் அப்போது அதைத் தடுப்பதற்கென்றே வேலை செய்தார்கள். குளிர் நாட்டில், குளிர் நாட்டுக்காரருக்காகச் செய்த கருவி எங்கள் மாதிரி இடத்துக்கு வரும்போது படுகிற பாடு அது. தோல் உறைக்குள் பத்திரமாக வைத்தால் நல்லது என்று நினைப்போம். தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும், ஆகவே உறைதான் முதல் எதிரி. ஐயா பிஸ்கற் பேணிக்குள் வைத்தது சரி. ஆனால் அது பிந்தி வந்த புத்தி, அதற்கு முதல் இருபது வருடம் தோல் உறைக்குள் இருந்ததாம்.

பூஞ்சணம் மெல்லிசாக இருந்தால் திறந்து துடைக்கலாம். கன காலம் இருந்தால் அது விடுகிற அமிலம் பூச்சையும் கண்ணாடியையும் அரித்துவிடும், துடைத்தாலும் தடம் போகாது. மேல் லென்ஸில் இருந்தால் பரவாயில்லை, அது பார்க்க மட்டும்தான். ஐயாவினுடையதில் கீழ் லென்ஸின் நடுவிலேயே இருந்தது. பின்னுக்கிருந்த இரண்டு கண்ணாடிகளை ஒட்டிய பசையும் ஓரத்தில் விட்டு, மழைத்தண்ணியில் எண்ணெய் மிதக்கிற மாதிரி ஒரு நிறவளையம் காட்டியது. றொலைஃபிளெக்ஸைத் துவாயில் திரும்ப வைத்தேன். காசு கூட என்று கவலைப்பட்டது அதோடு முடிந்தது.

மற்றது யாஷிக்கா மற் 124ஜி. ஐயா அதைப் பெரிதாக மதிக்கவில்லை. "அது உழைச்ச மாடு" என்று மட்டும் சொன்னார்.

யாஷிக்கா 1949இல் ஜப்பானின் நாகானோவில் தொடங்கிய கொம்பனி. முதல் கமராவை விட்டது 1953இல். போரில் தோற்று, பொருளாதாரம் படுத்துக் கிடந்த ஜப்பான், ஜேர்மன் கமராக்களைப் பார்த்துச் செய்து, பாதி விலைக்கும் குறைவாக விற்று எழும்பிய காலம். 1957இல் கைபிடியால் சுழற்றுகிற யாஷிக்கா மற் வந்தது. 124ஜி வந்தது 1970இல். அதற்குள் மேற்கு நாட்டுத் தொழில்முறைப் படப்பிடிப்பாளர்களில் கனபேர் சுவீடனின் ஹஸல்பிளாட் பக்கமோ 35 மில்லிமீற்றர் பக்கமோ போய்விட்டார்கள். இரட்டை லென்ஸ் என்பது அங்கே பழைய சாமான். எங்கள் பக்கத்து ஸ்ரூடியோக்காரருக்கோ அது வாங்கக்கூடிய விலையில் கிடைத்த பெரிய நெகற்றிவ். 1983இல் யாஷிக்காவைக் கியோசெரா வாங்கிய பிறகும், 1986 வரை 124ஜியைச் செய்துகொண்டிருந்தார்கள்.

"எப்ப வாங்கினது, ஐயா?"

"எழுபத்தாறு. சிங்கப்பூரால வந்தது. தம்பி கப்பல்ல நிண்டவன்."

இந்தக் கதையில் பிழை பிடிக்க எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. எழுபத்தேழுக்கு முதல் இறக்குமதிக் கட்டுப்பாடு இறுக்கமாக இருந்த காலத்தில், கடைக்குப் போய் ஜப்பான் கமரா வாங்குவது லேசுப்பட்ட காரியமில்லை. வடமராட்சியில் கப்பல்காரர் இல்லாத ஒழுங்கையும் குறைவு.

ரோர்ச்சில் கீழ் லென்ஸ் சுத்தம். முன்கண்ணாடியில் துணியால் துடைத்த பொடிக் கீறல்கள் இருந்தன, அது படத்தில் தெரியாது. அடுத்தது ஷற்றர். இதைக் கண்ணால் பார்ப்பதைவிடக் காதால் கேட்பது நல்லது. ஒரு செக்கன் வேகத்தில் அமத்தினால் உள்ளே சின்னப் பற்சில்லுகள் மணிக்கூடு மாதிரி "கிர்ர்ர்" என்று ஒரே சீராக ஓடி முடிய வேணும். நடுவில் இழுத்தால், நின்றால், பழைய எண்ணெய் இறுகியிருக்கு என்று அர்த்தம். ஐயாவின் யாஷிக்கா ஒரு செக்கனை முக்கி முக்கி ஒன்றரைச் செக்கனாக்கியது. அரைச் செக்கனும் கொஞ்சம் பிந்தியது. முப்பதில் ஒன்றுக்கு மேலே எல்லாம் சரி. ஸ்ரூடியோவில் அவர் பாவித்த வேகங்கள் அவைதான், ஆகவே அந்தப் பற்சில்லுகள் மட்டும் உடற்பயிற்சியில் இருந்திருக்கு. பாவிக்காத வேகங்கள்தான் இறுகியது. ஐந்நூறில் ஒன்றை வைப்பதென்றால் கைபிடியைச் சுற்ற முதலே வையுங்கள், சுற்றிய பிறகு பலவந்தமாகத் திருக வேண்டாம். தானாக எடுக்கிற நெம்பை, ஓடுதா என்று பார்க்கவும் தொட வேண்டாம். அது இறுகினால் ஷற்றரையும் சேர்த்துப் பூட்டிவிடும். விற்கிறவர் முன்னால் அவருடைய கமராவை உடைத்துப்போட்டு நிற்பதைவிட வெட்கம் இல்லை.

வெளிச்சம் அளக்கும் மீற்றர் செத்திருந்தது. பற்றரி வைக்கிற இடத்தில் பச்சைக் களிம்பு. இது ஐயாவின் பிழையுமில்லை, யாஷிக்காவின் பிழையுமில்லை. அந்தக் காலத்து மீற்றர்கள் பாதரசப் பற்றரியை நம்பிச் செய்தவை. அது 1.35 வோல்ற்றை முடியும்வரை மாறாமல் தரும். அதே ஜப்பானில், மினமாற்றா என்ற கடலோர ஊரில், தொழிற்சாலை கடலுக்குள் விட்ட பாதரசம் மீனால் மனிதருக்குள் போய் நரம்பைத் தின்றது. அந்த நோய் 1956இல் வெளியில் வந்தது. யூஜின் ஸ்மித் 1970களின் தொடக்கத்தில் அங்கே போயிருந்து எடுத்த படங்களால் உலகம் அதைப் பார்த்தது. பாதரசப் பற்றரிகள் 1990களில் ஒவ்வொரு நாடாகத் தடையானது. இப்ப அதே பருமனில் கிடைக்கிற அல்கலைன் பற்றரி 1.5 வோல்ற்றில் தொடங்கி மெல்ல மெல்ல இறங்கும், ஆகவே உயிரோடு இருக்கிற மீற்றரும் பொய் சொல்லும். காது கேட்கும் கருவிக்குப் போடுகிற பற்றரி 1.4க்குக் கிட்ட நிற்கும், சிலர் அதைப் போட்டுச் சமாளிக்கிறார்கள்.

"மீற்றர் எப்ப நிண்டது, ஐயா?"

"தொண்ணூறில. பற்றரி வர விட்டாத்தானே."

1990இல் யாழ்ப்பாணத்துக்குக் கறன்ட் நின்றதும், பொருளாதாரத் தடையில் பற்றரியும் தடைப்பட்ட சாமானாக இருந்ததும், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்டதும் எங்கள் வீடுகளில் ஆயிரம் தரம் கேட்ட கதை. அதற்கும் இந்தப் பச்சைக் களிம்புக்கும் தொடர்பிருக்கும் என்று நான் யோசித்ததில்லை. கமராவுக்குப் பற்றரி தேவையில்லை, மீற்றருக்கு மட்டும்தான். ஷற்றர் வில்லில் ஓடும். ஐயா முற்றத்து வெளிச்சத்தைக் கண்ணால் அளந்து, பிலிம் கிடைத்த நாட்களில் அடையாள அட்டைப் படம் எடுத்திருக்கிறார். "பத்தரை மணி, வேப்பமர நிழல், அறுபதில ஒண்டு, எட்டு." முப்பது வருடத்துக்குப் பிறகும் கேள்வி கேட்காமலே வாயில் வருகிறது.

ஒருக்காலும் கழட்டவில்லை என்றார். முன்தட்டின் ஸ்குரூத் தலைகளில் இரண்டு கடிபட்டிருந்தன. தொழிற்சாலைக் கை ஸ்குரூத் தலையைக் கடிக்காது. இந்தத் தடவை நான் வாயைத் திறக்கவில்லை, விரலால் தொட்டுக் காட்டினேன். "ஓ, அது... மணிக்கூடு திருத்திற ஒராள் ஒருக்காத் திறந்தவர்." கழட்டிப் பூட்டியது என்றால் மேல் லென்ஸும் கீழ் லென்ஸும் ஒத்துப்போகுதா என்று கட்டாயம் பார்க்க வேணும். பிலிம் கிடக்கிற தண்டவாளத்தில் ரேசிங் பேப்பரை இறுக்கி ஒட்டி, "பி"யில் திறந்து, தூரத்துப் பனை ஒன்றைப் பார்த்தோம். மேலே வட்டுக் கூராகத் தெரிந்த இடத்தில் கீழேயும் கூராகத் தெரிந்தது. மணிக்கூட்டுக்காரர் வேலை தெரிந்த மனிசன்.

பின்மூடி ஓரத்துப் பஞ்சு தாராகிக் கையில் ஒட்டியது, அதை மாற்றலாம். றொலைஃபிளெக்ஸில் பஞ்சே இல்லை, உலோகத்துக்குள் உலோகம் பொருந்தி வெளிச்சத்தை மறிக்கும். மலிவுக்கும் விலைக்கும் உள்ள வித்தியாசம் நாற்பது வருடம் கழித்து இப்படித்தான் தெரியவரும். பழுதான றோலைப் போட்டுச் சுற்றினோம். பன்னிரண்டு தரம் நின்று, பதின்மூன்றாவதில் விட்டுக்கொடுத்தது. படத்துக்குப் படம் இடைவெளி சரியா என்று அந்தச் சோதனை காட்டாது. அது உண்மையான பிலிம் போட்டால்தான் தெரியும்.

விலை பேச எனக்கு வராது. தோழிதான் ஒரு செக்கன் வேகத்தையும் மீற்றரையும் சொல்லிக் குறைத்தாள். காசை எண்ணிக் கொடுத்த பிறகு ஐயா உள்ளே போய், லென்ஸ் மூடியையும் உலர்ந்த அரிசி கட்டிய ஒரு சின்னத் துணிப் பொட்டலத்தையும் கொண்டுவந்து தந்தார். றொலைஃபிளெக்ஸைத் திரும்பப் பேணிக்குள் வைக்கும்போது வளையத்தை இன்னொருக்கா வாசித்ததைக் கண்டேன்.

பிலிம் வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு அக்காவிடம் சொல்லி எடுப்பித்தது, இரண்டு றோல். முதல் றோலில் ஏழாவதும் எட்டாவதும் ஓரத்தில் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருந்தன. ஒன்பதாவது அம்மம்மா, கிணற்றடியில், பத்தரை மணி, நிழல், அறுபதில் ஒன்று, எட்டு. குசினியை இருட்டாக்கி, கண்ணாடியை அழுத்தி, அதே அளவில் போட்டேன். காய்ந்தவுடன் கொண்டுபோய்ப் பழையதுக்குப் பக்கத்தில் வைத்தேன். அம்மம்மா இரண்டையும் கையில் எடுத்து, தள்ளிப் பிடித்து, கிட்டப் பிடித்துப் பார்த்தா.

"உதென்ன பிள்ளை, இவ்வளவு சின்னனா? பெருப்பிச்சுக் கொண்டு வா, எனக்குக் கண் தெரியேல்லை."